எண்ணிக்கை ஆடுவதில்லை: ஸ்விங், மனோதர்மம், பென்டிரைவ்

சென்ற சனிக்கிழமை மாலை தெற்கு தில்லியில் ஒரு ஜைவ் வகுப்பில் நின்றிருந்தேன். ஒலிபெருக்கியில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. இணை இணையாகத் தடுமாறிக்கொண்டிருந்தோம். பயிற்றுநர் பாட்டை நிறுத்தினார். "பாட்டைக் கேட்காதீர்கள், அது குழப்பும். எண்ணிக்கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்றார். எல்லோரும் தலையசைத்தனர், நானும் அசைத்தேன். விடுதிக்குத் திரும்பும் மெட்ரோவில்தான் அந்தத் தலையசைப்பு உறுத்தத் தொடங்கியது. மறுநாள் இதை நண்பர் ஒருவரிடம் சொன்னபோது அவர் வேறு பக்கத்திலிருந்து அடித்தார்: "அந்த ஆட்டத்தில் கேட்பதற்கு என்ன இருக்கிறது? தோன்றியபடி கைகாலை உதறுவதுதானே? மனோதர்மம் என்பதெல்லாம் நம் சபாவில் இருப்பது."

இவ்விரு கூற்றுகளும் எதிரெதிராகத் தோன்றும். ஆனால் இரண்டுக்கும் அடியில் கிடப்பது ஒரே நம்பிக்கை: இலக்கணம் ஒருபுறம், கற்பனை மறுபுறம். பயிற்றுநர் இலக்கணத்தை மட்டும் விற்கிறார். நண்பர் இந்த ஆட்டத்துக்கு இலக்கணமே இல்லை என்கிறார். மொழியியல் பயின்ற எவருக்கும் இந்தப் பிரிவினை எத்துணைப் பொய் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் நண்பருக்கு. ஸ்விங் இசை நான்கு தட்டுகள் கொண்ட ஆவர்த்தனங்களில் நடக்கிறது. ஒரு தட்டை இரண்டாகப் பிரிக்கும்போது அதைச் சமபாதியாகப் பிரிப்பதில்லை. திஸ்ர நடையின் முதல் இரண்டு மாத்திரைகள் ஒட்டிக்கொண்டாற்போல முற்பகுதி நீள, பிற்பகுதி குறுகும். வேகம் ஏற ஏற அந்த நீட்சி குறைந்து சமத்தை நெருங்கும். எட்டு ஆவர்த்தனங்கள் சேர்ந்தால் ஒரு வாக்கியம். அதாவது 32 தட்டுகள். ஆடுபவரின் அடிப்படை அடவுகளோ சில ஆறு தட்டுகளிலும் சில எட்டுத் தட்டுகளிலும் முடிகின்றன. ஆறையே திரும்பத் திரும்ப ஆடினால் இசையின் வாக்கியம் முடியும்போது நீங்கள் அடவின் நடுவில் நிற்பீர்கள். நான்கு ஆறும் ஓர் எட்டும் ஆடினால் 32. இசையும் உடலும் ஒன்றாக இறங்கும். பன்னிரண்டு ஆவர்த்தன ப்ளூஸ் என்றால் 48. ஆறு எட்டாகவும் போகலாம், எட்டு ஆறாகவும் போகலாம், கலந்தும் போகலாம். மிருதங்கத்தில் கோர்வை வைத்துச் சமத்தில் விழுவதற்குத் தலையாட்டும் ரசிகர், இந்தக் கணக்கைக் "கைகால் உதறல்" என்று எந்த நியாயத்தில் சொல்கிறார்? கணக்கு மாறவில்லை, கணக்குப் போடுபவரின் குலமும் நிறமும் மாறியிருக்கின்றன, அவ்வளவே.

இனிப் பயிற்றுநருக்கு. எந்த ஆறுக்குப் பின் எந்த எட்டு என்பதை எண்ணிக்கை சொல்லாது, பாட்டுதான் சொல்லும். ட்ரம்பெட் ஒரு சொற்கட்டை முடித்து மூச்சு விடும் இடம், மேளம் திடீரென நின்று வெற்றிடம் விடும் இடம், இவை எண்ணிக்கையில் இல்லை. எண்ணிக்கை என்பது எழுத்துக்கூட்டுவது. எழுத்துக்கூட்டத் தெரிந்தவரை நாம் பேச்சாளர் என்று சொல்வதில்லை.

பேச்சை எடுத்துக்கொள்வோம். உரையாடலில் ஒருவர் முடித்து மற்றவர் தொடங்குவதற்கிடையே உள்ள இடைவெளி, பல மொழிகளில் அளந்து பார்த்ததில், சராசரியாக ஏறத்தாழ 200 மில்லி விநாடிதான். ஆனால் ஒரே ஒரு சொல்லை மனத்தில் தேடி வாய்க்குக் கொண்டுவரவே 600 மில்லி விநாடி அளவில் ஆகிறது. எனவே கேட்பவர் காத்திருப்பதில்லை. எதிராளியின் வாக்கியம் எங்கே போய் முடியும் என்பதை அதன் இலக்கணத்திலிருந்தே ஊகித்து, அது முடியுமுன் தம் பதிலைத் தொடங்கிவிடுகிறார். போட்டி ஜைவின் வேகம் நிமிடத்துக்கு 168 முதல் 176 தட்டுகள். ஒரு தட்டுக்கு 350 மில்லி விநாடி அளவே கிடைக்கும். அங்கே பின்தொடர்பவர் கட்டளைக்குக் காத்திருந்தால் ஆட்டமே நடக்காது. அவரும் ஊகிக்கிறார், பதில் சொல்கிறார், சில வேளைகளில் கேள்வியையே மாற்றுகிறார். பெரும்பாலும் பெண்ணுக்கு ஒதுக்கப்படும் அந்த இடத்தைக் "கீழ்ப்படிதல்" என்று கற்பிக்கும் வகுப்புகள் நடனத்தையும் அறியவில்லை, உரையாடலையும் அறியவில்லை.

இந்த அறிவு எங்கிருந்து வந்தது? நியூயார்க்கின் ஹார்லெமில் 1926-இல் திறக்கப்பட்ட சவாய் நடனக் கூடத்தில் கறுப்பின இளைஞர்கள் வளர்த்தது லிண்டி ஹாப். அங்கே இசைக்குழு ஆடுபவர்களைப் பார்த்து வாசித்தது. ஆடுபவர்கள் இசைக்குழுவைத் தூண்டினார்கள். 1937 மே 11 அன்று அங்கே பென்னி குட்மனின் புகழ்பெற்ற குழுவைச் சிக் வெப்பின் குழு எதிர்கொண்டபோது, தளத்தில் இருந்தவர்கள் வெப்பின் பக்கமே வெற்றி என்றார்கள். தம் கால்களுக்கு யார் பதில் சொன்னார் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்கப் படையினரோடு இந்த ஆட்டம் பிரிட்டனுக்குப் போனது. அங்கே நடன ஆசிரியர்கள் அதன் துள்ளலை ஒழுங்குபடுத்தி, அடவுகளுக்குப் பெயரும் எண்ணும் கொடுத்து, தேர்வும் சான்றிதழும் வைத்தார்கள். அப்படிப் பிறந்ததே போட்டி ஜைவ். அதே காலத்தில் லிண்டி ஹாப்பின் மாபெரும் கலைஞர் ஃபிராங்கி மேனிங் அமெரிக்க அஞ்சல் துறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள். சவாய் 1958-இல் மூடப்பட்டது. 1980களில் இளைஞர்கள் சிலர் தேடிச்சென்று கேட்ட பிறகே அவர் மீண்டும் கற்பிக்க வந்தார். ஆட்டம் சான்றிதழ் பெற்றது. ஆட்டத்தை உண்டாக்கியவர் கடிதம் பிரித்தார்.

தமிழருக்கு இக்கதை புதிதா? சதிராட்டத்தில் இசைக்குழு ஆடுபவரின் பின்னால் நின்று அவரோடே நகர்ந்தது. 1930களில் பெயர் மாறியது. இசைக்குழு மேடையின் ஓரத்தில் அமர்த்தப்பட்டது. 1947-இல் சென்னை மாகாணச் சட்டம் வந்தது. அந்தக் கலையைத் தலைமுறை தலைமுறையாகக் காத்த பெண்களுக்குக் கோயிலில் ஆடும் உரிமை போயிற்று. ஆடிக்கொண்டே தாமே பாடி, ஒரே அடிக்கு அந்தக் கணத்தில் பொருள் விரித்த பாலசரஸ்வதி போன்றோர் அந்த மரபின் சாட்சிகளாக எஞ்சினர். இன்றோ பல அரங்கேற்றங்களில் ஓரத்தில்கூட ஆளில்லை, பென்டிரைவ் இருக்கிறது. பின்னாலிருந்து ஓரத்துக்கு, ஓரத்திலிருந்து பென்டிரைவுக்கு: இதுதான் நம் "செம்மைப்படுத்தலின்" பயணம்.

கரகாட்டத்துக்கும் நையாண்டி மேளத்துக்கும் நடப்பதும் இதுவே. தவில்காரர் ஒரு சொல்லை வீச, ஆடுபவர் இடுப்பால் அதை வாங்கித் திருப்பி எறிவது ஒரு வாக்குவாதம். பதிவுசெய்த சினிமாப் பாட்டுக்கு ஆடச் சொல்லும்போது தவில்காரர் கூலி இழக்கிறார். ஆடுபவர் எதிராளியை இழக்கிறார். பறையாட்டத்தில் முன்னவர் அடியை மாற்றும் கணத்தில் வரிசை முழுவதும் திரும்புகிறதே, அதற்கு நாம் மனோதர்மம் என்று பெயரிட்டோமா? அந்தச் சொல்லைச் சபாவுக்குள் பூட்டிவைத்தது யார்?

நம் ஆய்வுலகில் இதற்கு விடை எழுதி அரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. மில்மன் பாரியும் ஆல்பர்ட் லார்டும் யூகோஸ்லாவியக் கதைப்பாடகர்களை ஆராய்ந்து, வாய்மொழிப் பாடகர் மனப்பாடத்தை ஒப்பிப்பதில்லை, வெற்றிடத்திலிருந்து படைப்பதுமில்லை, மரபுத் தொடர்களைக் கொண்டு பாடும் கணத்திலேயே பாடலைக் கட்டுகிறார் என்று காட்டினர். அந்தக் கோட்பாட்டைக் க. கைலாசபதி 1968-இல் வெளிவந்த தம் ஆங்கில நூலில் நம் வீரயுகப் பாடல்களுக்குப் பொருத்திப் பார்த்தார். அவர் முடிவுகளோடு மாறுபடுவோர் உண்டு. ஆயினும் பாணரும் விறலியரும் உடனுக்குடன் புனையும் தொழிலறிஞர்களாக இருந்திருக்கலாம் என்று எண்ணப் பழகிய நாம், பறையடிப்பவரிடத்தும் ஹார்லெம் இளைஞரிடத்தும் அதே அறிவைக் காண மறுப்பது ஆய்வு நேர்மையாகாது.

ஒரு மறுப்பை ஏற்கிறேன். தொடக்கத்தில் மனப்பாடம் வேண்டும். தில்லிக்கு வந்த புதிதில் நானும் "பையா, கித்னா ஹுவா" என்ற ஒரே தொடரை வைத்துக்கொண்டுதான் ஆட்டோவில் ஏறினேன். ஆனால் அந்தத் தொடரோடு நின்றிருந்தால் எனக்கு இந்தி தெரியும் என்று யாரும் சான்றிதழ் தந்திருக்க மாட்டார்கள். நடனத்தில் மட்டும் தருகிறார்கள். இன்னொரு மறுப்பு செலவு பற்றியது: வாரந்தோறும் இசைக்குழுவை அழைக்க இயலாது என்பார்கள். உண்மைதான். பதிவுக்கும் ஆடலாம்; அதையும் கேட்டு, அந்தக் கணத்தில் புனைந்து ஆடலாம். ஆனால் பதிவு உங்களுக்குப் பதில் சொல்லாது என்பதை மறக்காமல் ஆடுங்கள். மாதம் ஒருமுறையேனும் பதில் சொல்லும் ஒருவருக்குக் கூலி கொடுங்கள். மொத்த வகுப்பும் பகிர்ந்தால் ஒரு மேளக்காரரின் கூலி எட்டாத தொகையன்று.

அடுத்த சனிக்கிழமையும் அந்த வகுப்புக்குப் போவேன். எண்ணச் சொன்னால் எண்ணுவேன். ஆனால் பாட்டை நிறுத்தச் சொன்னால், இம்முறை தலையசைக்க மாட்டேன்.