கொழும்புக் குப்பையும் எங்கட குப்பையும்

கொழும்புக் குப்பை அருவக்காலுவுக்கு வரக்கூடாது என்று 2018இல் புத்தளமே வீதிக்கு இறங்கியது. நியாயமான போராட்டம். அப்படியானால் ஷொப்பிங் பேக்கில் கட்டிக் களப்போர வெட்டையில் இரவில் எறிவது யார்? நாங்கள்தானே!

"அது சும்மா கிடக்கிற உவர் நிலம்தானே" என்கிறீர்கள். சும்மா கிடக்கவில்லை. அந்த வெட்டைதான் உப்புக்கொத்தியின் வீடு. அது மரத்தில் கூடு கட்டாது. தரையில் சின்னக் குழி பறித்து இரண்டோ மூன்றோ முட்டையிடும். 2023இல் ஆய்வாளர்கள் இதைத் தனி இனமாகப் பிரித்து 'ஹனுமான் உப்புக்கொத்தி' என்றார்கள். இலங்கையும் தென்னிந்தியாவும்தான் இதன் தாயகம்.

மண் நிற முட்டை எங்கள் கண்ணில் படாது. நாய் மோப்பம் பிடித்துவிடும். நாயையும் காகத்தையும் அங்கே கூட்டி வருவது எங்கள் குப்பை. தாய்ப்பறவை சிறகு முறிந்ததுபோல் நடித்து ஒரு நாயைத் திசைதிருப்பும். பத்து நாய் வந்தால்?

குஞ்சுகளைப் பறிகொடுத்துத் தவித்த பறவையைக் கண்டு, அவற்றைத் திருப்பிக் கொடுக்கச் சொன்ன நபி (ஸல்) அவர்களின் உம்மத் நாங்கள். பயானில் அதைக் கேட்டு ஸுப்ஹானல்லாஹ் சொல்கிறோம். மஃரிபுக்குப் பிறகு பேக்கை வெட்டையில் எறிகிறோம்.

குப்பை வண்டி ஒழுங்காக வரவில்லையா? அதைக் கேட்டுப் போராடுவோம், நானும் வருகிறேன். அதுவரை உங்கள் குப்பை உங்கள் வளவுக்குள்ளேயே இருக்கட்டும்.