வண்டி ரெடி, ஓட்டுகிறவர்?

சேர்ந்தாற்போல் மூன்று நாள் லீவு வந்தால், பெங்களூரில் வேலை பார்க்கும் நம்மவர்கள் காருக்குச் செய்யும் சீமந்தத்தைப் பார்க்க வேண்டும். வாட்டர் வாஷ், சீட்டுக்கு வாக்யூம், டாஷ்போர்டுக்குப் பளபளப்பு. புது மொபைல் ஸ்டாண்ட். ஃபாஸ்டேகில் பணம். ஐநூறு பாட்டு. முறுக்கு, புளியோதரை, ஐஸ் பெட்டி. கடைசியில் நாலு டயருக்கும் நாலு எலுமிச்சம்பழம், கற்பூரம், ஒரு பூசணிக்காய். வண்டி ரெடி.

ஓட்டப்போகிறவர்? அவர் இன்னும் ஆபீஸில் இருக்கிறார். வெள்ளிக்கிழமை சாயந்தரம் ஐந்து மணிக்குத்தான் மேனேஜருக்கு ஒரு முக்கியமான மீட்டிங் ஞாபகம் வரும். எட்டு மணிக்கு வீடு வந்து, தலையில் ரெண்டு சொம்பு தண்ணீர் ஊற்றி, தயிர் சாதத்தை விழுங்கி, ஒன்பது மணிக்கு ஸ்டியரிங்கில் உட்காருவார். "நைட்ல டிராஃபிக் இருக்காது சார். ஒம்போதுக்குக் கிளம்பினா காலைல அஞ்சு மணிக்கு மதுரை. அம்மா கையால காபி."

எனக்குக் கோபம் இந்தத் திட்டத்தின் மேல்தான். ஊருக்குப் போவதன் மேல் இல்லை. போகட்டும், தாராளமாகப் போகட்டும்.

நான் படித்தது பி.காம். பானெட்டைத் திறந்தால் எது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. வரவு செலவு பார்க்கத் தெரியும். அதே கணக்கை மணியில் போட்டுப் பார்ப்போம்.

நம்மவர் காலையில் ஆறு மணிக்கு எழுந்தவர். ஒன்பதுக்குக் கிளம்பும்போதே அவர் விழித்து 15 மணி நேரம். எலெக்ட்ரானிக் சிட்டி, அத்திப்பள்ளி, ஓசூர் என்று நகர்கிறார். டிராஃபிக் இருக்காது என்று இவர் போட்ட அதே திட்டத்தைப் பெங்களூரில் பாதிப் பேர் போட்டிருப்பார்கள். ஓசூரைத் தாண்டவே நாக்குத் தள்ளிவிடும். கிருஷ்ணகிரி டோல்கேட், தர்மபுரி பைபாஸ் எல்லாம் கடந்து தொப்பூர் கணவாய்க்கு வரும்போது மணி பன்னிரண்டைத் தாண்டியிருக்கும். விழித்து 18 மணி நேரம்.

டாசன், ரீட் என்ற இரண்டு ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1997-ல் 'நேச்சர்' இதழில் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். ஆட்களைத் தூங்கவிடாமல் வைத்துச் சோதித்தார்கள். இன்னொரு நாள் அதே ஆட்களுக்கு மது கொடுத்துச் சோதித்தார்கள். 17 மணி நேரம் விழித்திருந்தவரின் கையும் கண்ணும், ரத்தத்தில் 0.05 சதவிகிதம் ஆல்கஹால் இருப்பவருடையதைப் போல வேலை செய்தது. 24 மணி நேரம் விழித்திருந்தால் 0.10 சதவிகிதம். நம்ம ஊர்ச் சட்டத்தில் வரம்பு எவ்வளவு தெரியுமா? 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம், அதாவது 0.03 சதவிகிதம்.

ஆக, ஒரு சொட்டுக் குடிக்காத, நெற்றியில் விபூதி வைத்த குடும்பஸ்தர் ஒருவர், பின் சீட்டில் மனைவியும் பிள்ளைகளும் தூங்க, போலீஸ் பிடித்தால் கேஸ் போடக்கூடிய அளவைவிட மோசமான நிலையில் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறார். இவரை ஊதச் சொன்னால் மெஷினில் பூஜ்யம்தான் வரும். அதுதான் வம்பே.

அந்த நிலையில் அவர் இறங்கப்போகும் இடம் எது? தர்மபுரி மாவட்டத்தின் தெற்கு ஓரத்தில் இருக்கும் தொப்பூர். ஸ்ரீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடிகிற தேசிய நெடுஞ்சாலை 44-ல் (பழைய ஆட்களுக்கு இன்னமும் என்.எச். 7) தமிழ்நாட்டு டிரைவர்கள் சாமியைக் கும்பிட்டுவிட்டு இறங்கும் இடம். தர்மபுரியிலிருந்து சேலம் பக்கம் போகிறவர்களுக்கு ஆறேழு கிலோமீட்டர் இறக்கம், அதில் வளைவுகள். வடக்கேயிருந்து லோடு ஏற்றி வருகிற லாரிகளுக்கும் அதே இறக்கம், அதே நேரம்.

2020 டிசம்பர் 12-ம் தேதி அங்கே ஒரு லாரி கட்டுப்பாடு இழந்து, முன்னால் இருந்த ஒரு டசன் வாகனங்களுக்கும் மேல் மோதியது. நாலு பேர் இறந்தார்கள். 2024 ஜனவரி 24-ம் தேதி மறுபடி ஒரு லாரி. முன்னால் போன லாரி பாலத்திலிருந்து கீழே விழ, இடையில் சிக்கிய கார் எரிந்தது. அதிலும் நாலு பேர். அந்தக் கேமரா காட்சி எல்லா டி.வி.யிலும் ஓடியது. உங்கள் போனிலும் வந்திருக்கும். பார்த்துவிட்டு, "இந்த லாரிக்காரனுங்களை..." என்று நீங்களும் பல்லைக் கடித்திருப்பீர்கள்.

லாரி டிரைவர் நியூட்ரலில் இறக்குகிறார் என்பது பழைய புகார். உண்மையும்கூட. எதற்காக? டீசல். ஒரு லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் என்று வைத்தால்கூட ஏழு கிலோமீட்டருக்கு ரெண்டு லிட்டர் வராது. இருநூறு ரூபாய்க்குள். டிரிப்புக்கு இத்தனை லிட்டர் என்று அளந்து கொடுக்கும் முதலாளியிடம் வேலை பார்ப்பவருக்கு அந்த இருநூறு ரூபாய் ஒரு வேளைச் சாப்பாடு. கியரில் இறங்கினால் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். நியூட்ரலில் இறங்கினால் மொத்தப் பாரமும் பிரேக் டிரம் தலையில். டிரம் பழுக்கக் காய்ந்த பிறகு மிதித்து என்ன பயன்? தப்புதான். ஆனால் அந்தத் தப்புக்குப் பின்னால் ஒரு வயிறு இருக்கிறது.

பதினைந்து லட்ச ரூபாய் கார் வைத்திருப்பவர் ஏன் நியூட்ரலில் இறக்குகிறார்? லாரிக்காரரைத் திட்டுகிற அதே வாய், "இறக்கத்துல எதுக்கு சார் பெட்ரோலை வேஸ்ட் பண்ணணும்?" என்று கேட்பதை நானே கேட்டிருக்கிறேன். லிட்டருக்குப் பதினைந்து கிலோமீட்டர் என்றால் மிச்சம் அரை லிட்டர், ஐம்பது ரூபாய். அதுவும் பொய்க்கணக்கு. இன்றைய ஃப்யூயல் இன்ஜெக்ஷன் கார்களில், கியரில் வைத்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், வண்டியின் ஓட்டமே இன்ஜினைச் சுற்ற வைக்கும். பெட்ரோல் வருவதே நின்றுவிடும். நியூட்ரலில் போட்டால்தான் இன்ஜின் அணையாமல் இருக்க எண்ணெய் குடிக்கும். ஐம்பது ரூபாய் மிச்சம் பிடிக்கப்போய் நஷ்டம், கூடவே பிரேக்கும் சூடு. இன்னும் சில புத்திசாலிகள் இன்ஜினையே அணைத்துவிடுவார்கள். பவர் ஸ்டியரிங் போச்சு, பிரேக்குக்குக் கிடைக்கும் உதவியும் ரெண்டு மூன்று மிதியில் போச்சு. ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவர்கள் பலருக்கு, கியர் லீவரில் 'எல்' என்றோ, கையால் கியர் குறைக்கும் வசதியோ எதற்கு இருக்கிறது என்றே தெரியாது. தொப்பூருக்காகத்தான் சார்.

"ரோடு சரியில்லை. அரசாங்கம் என்ன பண்ணுது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தொப்பூரின் சரிவும் வளைவும் இவ்வளவு போக்குவரத்துக்கு ஏற்றதல்ல என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்காகத்தான் சுமார் 905 கோடி ரூபாயில் உயர்மட்டச் சாலைத் திட்டம். இத்தனை உயிர் போன பிறகுதானா என்று கேட்கலாம், நானும் கேட்கிறேன். ஆனால் தொப்பூரில் பாலம் கட்டினால், நம்மவர் கரூர் தாண்டித் தூங்குவார். அதிகாலை இரண்டிலிருந்து ஐந்து வரை உடம்பு தூக்கத்துக்கு அழும் நேரம். அப்போது ரோடு நேராக, காலியாக, தாலாட்டு மாதிரி இருக்கும். நூறு கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு விநாடிக்கு 28 மீட்டர் போகிறது. மூன்று விநாடி கண் சொருகினால் 80 மீட்டருக்கு மேல் வண்டியை யாரும் ஓட்டவில்லை என்று அர்த்தம்.

ஜன்னலைத் திறப்பது, பாட்டைச் சத்தமாக வைப்பது, தொடையைக் கிள்ளிக்கொள்வது எதுவும் பலிக்காது. ஒரு காபி குடித்துவிட்டு இருபது நிமிடம் சீட்டைச் சாய்த்துத் தூங்கினால் கொஞ்சம் தாங்கும். காபி வேலை செய்ய ஆரம்பிக்கவே அரை மணி ஆகும். ஆனால் நம்மவர் நிறுத்த மாட்டார். நிறுத்தினால் மச்சான் ரெக்கார்டு என்ன ஆவது? "போன தீபாவளிக்கு ஏழு மணி நேரத்துல வந்தேன்" என்று குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் அவர் போட்டு வைத்திருக்கிறாரே!

இன்னொரு வேடிக்கை. பக்கத்து சீட்டில் மனைவி. ஹேண்ட்பேகில் லைசென்ஸ். பெங்களூர் டிராஃபிக்கில் தினம் பிள்ளைகளை ஸ்கூலில் விட்டு, ஆபீஸுக்கும் ஓட்டிப் போகிறவர். "நான் கொஞ்சம் ஓட்டட்டுமாங்க?" என்றால், "ஹைவேல உனக்கு வராது" என்று பதில். 18 மணி நேரம் விழித்தவருக்கு வருமாம், ரெண்டு மணி நேரம் தூங்கி எழுந்தவருக்கு வராதாம்.

சரி, வசதியுள்ளவர்கள் ஆக்டிங் டிரைவர் வைத்துக்கொள்கிறார்கள். நல்லதுதானே என்றால், அவரும் காலையிலிருந்து வேறு யாருக்கோ ஏர்போர்ட் டிரிப் அடித்துவிட்டு வந்தவர். "கடைசியா எப்பப்பா தூங்கினே?" என்று எத்தனை பேர் கேட்கிறோம்? ஒகேனக்கல் போய்ப் பரிசல் ஏறி, எண்ணெய் மசாஜ் செய்துகொண்டு, மீன் வறுவல் சாப்பிட்டு, ரூமில் ஏ.சி. போட்டுப் படுக்கிறோம். டிரைவர் காரில் சீட்டைச் சாய்த்துக் கொசுவோடு படுக்கிறார். மறுநாள் காலை நம் குழந்தைகளின் உயிர் அவர் கண்ணில் இருக்கிறது. மோட்டார் தொழிலாளிக்கு ஒரு நாளைக்கு எட்டு மணி நேர வேலை, ஐந்து மணி நேரத்துக்கு ஒருமுறை அரை மணி ஓய்வு என்று 1961-லேயே சட்டம் போட்டார்கள். 2023-ல் தமிழ்நாடு அரசு கட்டட விதிகளைத் திருத்தி, ஓட்டல்களும் லாட்ஜுகளும் விருந்தினரின் டிரைவர்களுக்குப் படுக்கை வசதி தர வேண்டும் என்றது. ரூம் புக் பண்ணும்போது வை-ஃபை இருக்கா, ஸ்விம்மிங் பூல் இருக்கா என்று கேட்கிறவர்கள் இதையும் ஒரு வார்த்தை கேட்டால் என்ன?

பின் சீட் பெல்ட் பற்றிச் சொன்னால் சிரிக்கிறார்கள். 2022 செப்டம்பர் 4-ம் தேதி டாடா குழுமத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி மும்பை அருகே கார் விபத்தில் இறந்தார். விலை உயர்ந்த பென்ஸ் கார். முன் சீட்டில் இருந்த இருவரும் பிழைத்தார்கள். பெல்ட் போடாமல் பின் சீட்டில் இருந்த இருவரும் இறந்தார்கள். மத்திய அரசின் கணக்குப்படி அந்த ஒரே வருடத்தில் பெல்ட் போடாமல் இறந்தவர்கள் 16,715 பேர். அதில் 8,331 பேர் ஓட்டியவர்கள் அல்ல, கூட உட்கார்ந்து வந்தவர்கள். நாம் என்ன செய்தோம்? பெல்ட் போடாவிட்டால் கத்தும் அலாரத்தை ஏமாற்ற ஒரு கிளிப் வாங்கினோம். 2023-ல் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தலையிட்டு, ஆன்லைன் கடைகளிலிருந்து 13,118 விற்பனைப் பக்கங்களை நீக்க வைத்தது. உயிரைக் காப்பாற்றும் சத்தத்தை நிறுத்துவதற்குக் காசு கொடுத்து வாங்குகிற ஜனம்!

வண்டியைத் தயார் செய்யவே வேண்டாம் என்கிறேனா? செய்யுங்கள். பளபளப்பை விட்டுவிட்டு வேலைக்கு ஆகிறதைச் செய்யுங்கள். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ம் வருடம் 23-வது வாரம் செய்தது. பட்டன் தேயவில்லை என்பதற்காகக் கிழட்டு டயரை நம்பாதீர்கள். பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் சட்டப்படியே அது செல்லாத டயர். காற்றை டயர் சூடாவதற்கு முன் பாருங்கள். ஆள் நிறைய, டிக்கி நிறைய என்றால் எவ்வளவு காற்று என்று டிரைவர் பக்கக் கதவோரம் ஒட்டியிருப்பார்கள். ஸ்டெப்னியிலும் காற்று இருக்கிறதா பாருங்கள். பிரேக் ஆயில் வருடக்கணக்கில் மாற்றாமல் கிடந்தால் ஈரம் உறிஞ்சும், நீண்ட இறக்கத்தில் சூடேறிக் கொதித்துவிடும், பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். எலுமிச்சம்பழம் வையுங்கள், வேண்டாம் என்று சொல்ல நான் யார்? அதற்கு முன்னால் மெக்கானிக்கிடம் சக்கரத்தைக் கழற்றி பிரேக் பேடைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அந்த வெள்ளிக்கிழமை ராத்திரி பத்து மணிக்குப் படுங்கள். சனிக்கிழமை காலை ஐந்து மணிக்குக் கிளம்பினால் ஏழரை எட்டு மணிக்குத் தர்மபுரி. இட்லி சாப்பிட்டுவிட்டு, வழியில் அதியமான்கோட்டை காலபைரவரைப் பார்ப்பவர்கள் பார்க்கலாம். பளிச்சென்ற வெளிச்சத்தில் தொப்பூரை மூன்றாவது கியரில் இறங்கலாம். லாரிக்கு முன்னாலும் ஒட்டாமல், பின்னாலும் ஒட்டாமல். மதுரைக்குப் போக மதியம் ஒரு மணி, ரெண்டு மணி ஆகும். அம்மாவிடம் முன்கூட்டியே போனில் சொல்லிவிடுங்கள், காபி வேண்டாம், சோறாக வடித்து வைக்கச் சொல்லி.