மேடு காத்திருக்கும்!

“பதறாத காரியம் சிதறாது” என்பது நம் முன்னோர் வாக்கு. ஓட்டம் பழகத் தொடங்கும் மாணவ நண்பர்களுக்கு இதைவிடச் சிறந்த அறிவுரை வேறில்லை என்பது என் கருத்து.

நம் இராதாபுரம் வட்டாரம் பெரும்பாலும் சமவெளி. மேற்கே தொலைவில் மகேந்திரகிரி தெரிகிறது. ஊருக்குள் மேடு என்றால் குளத்துக் கரைதான். காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். அந்தக் கவலையோடு விடியற்காலையில் ஓடும் இளைஞர்களிடம், “முதல் வாரமே மேட்டில் ஓடு, கால் இரும்பாகும்” என்று யாரேனும் சொல்லிவிடுகிறார்கள். நானும் அதைக் கேட்டு ஓடியவன்தான். பத்தாம் நாள் முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் வலி கண்டது. ஒரு மாதம் ஓட முடியவில்லை. இரும்பாக வேண்டிய கால் கட்டிலில் கிடந்தது!

காரணம் என்ன? மூச்சும் இதயமும் சில வாரங்களிலேயே உழைப்புக்குப் பழகிவிடும். எலும்பும் தசைநாணும் உறுதிப்படப் பல மாதங்கள் வேண்டும். மூச்சு ‘போகலாம்’ என்னும்போது கால் ‘பொறு’ என்கிறது. மேடேறுகையில் கெண்டைக்கால் தசையும் குதிகால் நாணும் மிகுதியாக இழுபடுகின்றன. இறங்குகையிலோ உடலின் வேகத்தைத் தடுத்துத் தாங்கும் பாரம் தொடையிலும் முழங்காலிலும் விழுகிறது. ஏற்றத்தைவிட இறக்கமே தசையை அதிகம் நோகச் செய்யும்.

மேட்டோட்டமே கூடாது என்று நான் சொல்லவில்லை. நியூசிலாந்துப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்டு அதைப் பெரிதும் போற்றியவர். அவரிடம் பயின்ற பீட்டர் ஸ்நெல் 800 மீட்டரிலும், மர்ரே ஹால்பர்க் 5000 மீட்டரிலும் 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஒரே நாளில் தங்கம் வென்றனர். ஆனால் அவர் வகுத்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் பல வாரங்கள் நீண்ட, நிதானமான ஓட்டம். பிறகே மேட்டில் துள்ளி ஓடும் தனிப் பயிற்சி. அதற்கும் பிறகே வேக ஓட்டம். உலக வீரர்களுக்கே அடித்தளம் முதலில் என்றால், நேற்றுத் தொடங்கிய நமக்கு?

“கென்ய நாட்டார் மலையில்தானே ஓடுகிறார்கள்?” என்று சிலர் கேட்கலாம். சிறுவயது முதல் மலைப்பாதையில் நடந்து வளர்ந்த கால்கள் அவை. நம் கால்கள் பஸ்ஸில் வளர்ந்தவை.

ஆகவே என் யோசனை இது: முதல் 6 முதல் 8 வாரங்கள் சமதரையில், பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் ஓடுங்கள். 30 நிமிடம் நில்லாமல் ஓடி, மறுநாள் வலியின்றி எழ முடிந்தால் மேட்டுக்குத் தகுதி வந்துவிட்டது. அப்போதும் வாரம் ஒரு நாள் போதும். குளத்துக் கரைக்கு ஏறும் வண்டிப்பாதையில் நாலு முறை குறுகிய காலடி வைத்து ஏறுங்கள், நடந்தே இறங்குங்கள்.

அதுவரை இயற்கை நமக்குத் தந்த மேடு ஒன்று உண்டு. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வந்து காற்றாலைகளைச் சுழற்றும் ஆடிக்காற்றுதான் அது! அதை எதிர்த்து ஓடினால் மேடேறியதுபோல் மூச்சு வாங்கும். குதிகாலுக்கோ மேட்டின் இழுப்பு இல்லை.

பயிற்சி தரும் பெரியோர்க்கும் ஒரு பணிவான வேண்டுகோள். புதியவரையும் பழகியவரையும் ஒரே வரிசையில் மேட்டுக்கு அனுப்பாதீர்கள். தேர்வு ஒரு நாளில் முடிந்துவிடும். கால் ஆயுள் முழுதும் வேண்டும். மேடு எங்கும் போய்விடாது. நாம் தயாராகும்வரை அது காத்திருக்கும்.