நாய் நடிக்கவில்லை, தம்பி

போன வாரம் ஒரு தம்பி போன் செய்தார். கோவைப் பக்கம் நண்பர்கள் சேர்ந்து மாதம் ஒரு படம் போடுகிறார்களாம். 1987-ல் நான் எடுத்த பதினெட்டு நிமிடக் குறும்படம் ஒன்றை எங்கிருந்தோ தேடிப் பிடித்துப் பார்த்திருக்கிறார். அடுத்த மாதம் திரையிட வேண்டும், நானும் வந்து பேச வேண்டும் என்றார். சந்தோஷம்தான். இந்த வயதில் நம் படத்தை ஒருவர் தேடிப் பிடிக்கிறார் என்றால் யாருக்குத்தான் கசக்கும்?

போனை வைக்கும் முன் கேட்டார்: "சார், அந்த நாய் வாசல்ல உட்கார்ந்து தெருவையே பார்க்குமே, கடைசி ஷாட்டு. எப்படி சார் நடிக்க வச்சீங்க?"

இத்தனை வருடங்களில் இந்தக் கேள்வியை எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் நான் சிரித்துக்கொண்டே, "அவன் பிறவி நடிகன்" என்று சொல்லித் தப்பித்திருக்கிறேன். இந்தத் தடவையும் அதையேதான் சொன்னேன். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ராமு நடிக்கவில்லை. எந்த நாயும் நடிக்காது. நடிப்பு என்றால் இது பொய் என்று நடிப்பவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நாய்க்கு அது தெரியாது. திரையில் ஒரு நாய் பயந்தால், பெரும்பாலும் அது நிஜமாகவே பயந்திருக்கிறது. ஏங்கினால் நிஜமாகவே ஏங்கியிருக்கிறது. இல்லையென்றால் கேமராவுக்குப் பின்னால் ஒருவன் பிஸ்கெட்டைத் தூக்கிப் பிடித்திருப்பான். அந்த முகத்தை நாம்தான் 'ஏக்கம்' என்று படித்துக்கொள்கிறோம். பிஸ்கெட் ரகத்தோடு எனக்குச் சண்டை இல்லை.

ராமு கதை இதுதான். படத்தில் ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர் இறந்துபோகிறார், அவருடைய நாய் வாசலில் காத்திருக்கிறது. ராமு எங்கள் வீட்டு நாய். என்னிடம் பிரியமாக இருப்பான், ஆனால் உயிர் என் மனைவிமேல். அவள் கடைக்குப் போனாலே கேட்டருகில் போய்ப் படுத்துக்கொள்வான். நான் என்ன செய்தேன் தெரியுமா? அவளை மாயவரத்தில் மாமியார் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். "மூணு நாள் இருந்துட்டு வா, படப்பிடிப்பு கூட்டத்துல உனக்குச் சிரமம்" என்று சொன்னேன். அவளுக்கும் நிஜக் காரணம் தெரியாது. ராமு முதல் நாள் கேட்டருகில் படுத்தான். இரண்டாம் நாள் சோறு தின்னவில்லை. மூன்றாம் நாள் சைக்கிள் மணி கேட்டால்கூடத் தலையைத் தூக்கவில்லை, கண்ணை மட்டும் திருப்பினான். அந்தக் கண்ணைத்தான் நான் எடுத்தேன். வெளிச்சம் பிரமாதமாக இருந்தது.

படத்துக்குப் பரிசு கிடைத்தது. திரையிட்ட இடமெல்லாம் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். அதற்குப் பிறகு நான் வீட்டில் ட்ரைபாடைக் கையில் எடுத்தால் போதும், ராமு எழுந்து கட்டிலுக்கு அடியில் போய்விடுவான். சாகும்வரை அப்படித்தான் இருந்தான். அந்தப் படத்துக்கு வந்த நேர்மையான விமர்சனம் அது ஒன்றுதான்.

அன்று எனக்கு ஒரு சாக்கு இருந்தது. பதினாறு எம்.எம். பிலிம். 400 அடி ரோல் போட்டால் 11 நிமிடம் ஓடும். கையில் இருந்த காசுக்கு ஐந்தே ஐந்து ரோல்தான் வாங்க முடிந்தது. கேமரா வாடகை, அப்புறம் லேப் செலவு. நாய் தானாக உட்காரட்டும் என்று கேமராவை ஓடவிட்டுக் காத்திருந்தால் மோதிரத்தை அடகு வைக்க வேண்டும். (அடகு வைத்தேன், அது வேறு கதை.) அந்தச் சாக்கு நியாயம் என்று சொல்லவில்லை. சாக்கு என்று ஒன்று இருந்தது, அவ்வளவுதான்.

இன்றைக்கு அந்தச் சாக்கும் கிடையாது. கட்டைவிரல் நகம் அளவு கார்டில் மணிக்கணக்காகப் பதிவு செய்யலாம். அழித்துவிட்டு மறுபடி பதிவு செய்யலாம். செல்போனை வைத்திருக்கும் எவனும் ஒரு பூனையின் முன்னால் காலையிலிருந்து சாயங்காலம்வரை சும்மா உட்கார்ந்திருக்கலாம், பைசா செலவில்லை. ஆனால் நடப்பது என்ன? பேத்தி காட்டிய ரீல்ஸைப் பார்த்தேன். ஒருவன் நாய்க்கு எதிரில் செத்த மாதிரி விழுகிறான். நாய் அவன் முகத்தை நக்குகிறது, காதைக் கடித்து இழுக்கிறது, ஊளையிடுகிறது. அவன் மூச்சை அடக்கிக்கொண்டு கிடக்கிறான். பின்னணியில் சோகப் பாட்டு, கீழே வரிசையாக இதயங்கள். இன்னொருத்தி, சாப்பிட்டுக்கொண்டிருக்கும் பூனையின் முதுகுக்குப் பின்னால் வெள்ளரிக்காயை வைக்கிறாள். திரும்பிப் பார்த்ததும் பூனை கூரை உயரம் துள்ளுகிறது. சாப்பிடும் இடம் பத்திரமான இடம் என்று அது நம்பிக்கொண்டிருந்தது. அந்த நம்பிக்கை போவதைப் பார்த்துத்தான் நாம் சிரிக்கிறோம்.

தேவாங்கு வகையில் ஒன்று, தென்கிழக்கு ஆசியக் காடுகளில் இருப்பது, கிச்சுகிச்சு மூட்டினால் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு 'இன்னும் இன்னும்' என்று கேட்பதுபோல் ஒரு வீடியோ முன்பு உலகம் முழுக்கச் சுற்றியது. அது கேட்கவில்லை. அதன் முழங்கைப் பக்கம் விஷச் சுரப்பி இருக்கிறது. ஆபத்து வந்தால் கையைத் தூக்கி, அதை நக்கி, கடிக்கத் தயாராகும். பயத்தின் உச்சத்தை நாம் கொஞ்சலாக ரசித்திருக்கிறோம்.

நாய் கொட்டாவி விட்டால் தூக்கம் என்று நினைக்கிறோம். சங்கடத்தில் இருக்கும் நாயும் கொட்டாவி விடும், மூக்கை மூக்கை நக்கும், தலையைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரியப் பார்க்கும். குழந்தை அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு போட்டோவுக்குச் சிரிக்கும்போது நாயின் முகத்தைக் கொஞ்சம் பாருங்கள். இது மூன்றும் அங்கே இருக்கும்.

இதெல்லாம் இன்றைய பிள்ளைகளின் குற்றம் என்று சொல்லவில்லை. எங்கள் தலைமுறை தேவர் பிலிம்ஸ் படங்களுக்கு விசிலடித்த தலைமுறை. 1972-ல் 'நல்ல நேரம்' பார்த்துவிட்டு வந்து யானைபோலத் தும்பிக்கை ஆட்டிக் காட்டியிருக்கிறேன். 1977-ல் 'ஆட்டுக்கார அலமேலு' ஆட்டுக்குக் கைதட்டினோம். அவற்றை எப்படிப் பழக்கினார்கள் என்று எங்களில் ஒருவன் கேட்கவில்லை. ஒரு யானை எதைக் கண்டு மண்டியிடக் கற்றுக்கொள்கிறது என்பது பாகன் கையில் இருக்கும் அங்குசத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ஆவணப்படக்காரர்கள் நாங்கள் இன்னும் உத்தமர்கள் என்ற எண்ணம் எனக்கு ரொம்ப நாள் இருந்தது. வால்ட் டிஸ்னி நிறுவனத்தின் 'ஒயிட் வில்டர்னஸ்' 1958-ல் வந்தது, சிறந்த ஆவணப்படத்துக்கு ஆஸ்கர் வாங்கியது. லெம்மிங் என்னும் சிறிய எலி இனம் கூட்டம் கூட்டமாகப் போய்த் தண்ணீரில் விழுந்து தற்கொலை செய்துகொள்ளும் காட்சி அதில் உண்டு. அந்த எலிகள் இயற்கையாக வாழவே வாழாத கனடாவின் ஆல்பர்ட்டா பகுதிக்கு அவற்றைக் கொண்டுவந்து, சரிவிலிருந்து தள்ளிவிட்டு எடுத்த காட்சி அது என்று 1980-களில் கனடா தொலைக்காட்சி அம்பலப்படுத்தியது. லெம்மிங் தற்கொலை செய்துகொள்ளும் என்று இன்றைக்கும் படித்தவர்கள் சொல்கிறார்கள். எலிகள் செத்ததோடு அவற்றின் பெயரும் கெட்டது.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன், ஏனென்றால் என் சினிமா நண்பர்கள் என்மேல் பாயப்போவது இங்கேதான். விலங்குகளை நடிக்கவைப்பதற்கான பதிவு விதிகள் 2001-ல் வந்தன. 2005-ல் மும்பை உயர் நீதிமன்றம், விலங்கு வரும் படம் என்றால் விலங்குகள் நல வாரியத்தின் தடையில்லாச் சான்று இல்லாமல் தணிக்கைச் சான்றிதழ் தரக் கூடாது என்றது. அன்றிலிருந்து எங்கள் கூட்டத்தில் புலம்பல்தான். நானும் புலம்பியிருக்கிறேன். மானாமதுரையில் ஒரு குயவர் வீட்டில் படம் எடுத்தபோது, காயவைத்த பானைகளுக்கு நடுவே அவர் வீட்டுப் பூனை நடந்துபோனது. ஒரு பானையின் ஈர விளிம்பில் அதன் கால் தடம் பதிந்தது. ஒன்பது வினாடி. யாரும் அதைக் கூப்பிடவில்லை, விரட்டவில்லை. அந்தப் பூனைக்கு மனு எழுதி, மருத்துவரிடம் காட்டி, சான்று வாங்க வேண்டுமே என்ற அலுப்பில் ஒன்பது வினாடியையும் வெட்டிவிட்டேன். பத்து வருடம் அதைச் சொல்லிச் சொல்லிச் சட்டத்தைத் திட்டினேன்.

திட்டியது தப்பு என்று இப்போது தோன்றுகிறது. 1987-ல் அப்படி ஒரு விதி இருந்து, ஒரே ஒரு மனிதர் என் எதிரில் உட்கார்ந்து, "நாய் சோறு தின்னவில்லையே, ஏன்?" என்று கேட்டிருந்தால்? நான் என்ன பதில் சொல்லியிருப்பேன்? அந்த ஒரு கேள்விக்காக மானாமதுரைப் பூனையின் ஒன்பது வினாடியை நான் தரலாம்.

ஆனால் விதியைப் போட்டவர்களையும் விடுவதாக இல்லை. தானாகக் குறுக்கே நடந்துபோன பூனையையும், கயிறு கட்டி இழுத்துவந்த குதிரையையும் ஒரே தட்டில் வைப்பது எந்த ஊர் நியாயம்? காகிதம் வாங்க ஆள் அமர்த்திக்கொள்ளப் பெரிய கம்பெனியால் முடியும். தனியாகப் படம் எடுப்பவன் பூனையை வெட்டுவான். தணிக்கைப் பக்கமே போகாத ரீல்ஸ்காரனை வழிமறிக்க ஆளே இல்லை. சரி, ஒருவன் பிடிபட்டான் என்றே வைத்துக்கொள்ளுங்கள். விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 1960-ல் வந்தது. அதற்காக மாநிலங்களவையில் முதலில் குரல் கொடுத்தவர் நம் ருக்மிணி தேவி அருண்டேல். அந்தச் சட்டத்தின் 11-ஆம் பிரிவில் வதைக்கு முதல் தடவை அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய்வரை. சட்டம் வந்தபோது 50 ரூபாய் பெரிய பணம். இன்று ஒரு ஃபில்டர் காபிக்கே அது போதாத கடைகள் இருக்கின்றன. கொன்றாலோ முடமாக்கினாலோ தனிப் பிரிவு உண்டு, கடுமையானதும்கூட. ஆனால் மூன்று நாள் ஏங்கவைத்தவனுக்கு? நான் செய்ததன் விலை அதிகபட்சம் 50 ரூபாய்.

"மீன் குழம்பு சாப்பிட்டுக்கொண்டே நாய்க்கு வக்காலத்தா?" என்று ஒரு நண்பர் கேட்பார், எப்போதும் கேட்பவர். ஆமாம், சாப்பிடுகிறேன். அதில் முரண் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மீன் என்னை நம்பி என் வாசலில் படுத்திருக்கவில்லை. ராமு படுத்திருந்தான். நம்பியவனை ஏமாற்றுவது தனிக் கணக்கு.

"அப்படியானால் படத்தில் விலங்கே வரக் கூடாதா?" வரட்டுமே. 1966-ல் ராபர்ட் பிரெஸ்ஸோன் ஒரு கழுதையை வைத்தே 'பல்தாசர்' எடுத்தார். படம் முழுக்க அந்தக் கழுதை எந்த உணர்ச்சியையும் காட்டுவதில்லை. சும்மா நிற்கிறது, பார்க்கிறது. மிச்சத்தை நாம் போட்டுக்கொள்கிறோம். இழவு வீட்டில் நாயின் கண்ணைக் காட்டாமல், காய்ந்துபோன சோற்றுத் தட்டையும் அவிழ்ந்து கிடக்கும் சங்கிலியையும் மட்டும் காட்டியிருக்கலாம். எனக்கு அன்றைக்கு அது தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் கண்ணைத்தான் எடுத்திருப்பேன். கண்ணுக்குப் பரிசு கிடைக்கும் என்று தெரியும்.

இப்போது வீட்டில் செவலை இருக்கிறாள், தெருவிலிருந்து வந்தவள். உப்பு என்று ஒரு வெள்ளைப் பூனை, இதைத் தட்டச்சு செய்யும்போது பாதி நேரம் கீபோர்டில்தான் படுத்திருக்கிறது. ஐந்து மாதமாக மொட்டை மாடியில் ஒரு சின்ன கேமராவை வைத்துவிட்டுக் கீழே வந்துவிடுகிறேன். அவர்கள் பாட்டுக்கு இருக்கிறார்கள். இதுவரை உருப்படியாகத் தேறியது நாலு நிமிடம். அதில் மூன்று நிமிடம் செவலை தூங்குகிறாள். தணிக்கைக்குப் போகும் உத்தேசம் இல்லை, அதனால் யாரும் சான்று கேட்கப்போவதில்லை. ட்ரைபாடைக் கண்டால் அவள் ஓடுவதில்லை, அதன் காலில் முதுகைச் சொறிந்துகொள்கிறாள். ஷாட் ஆடிப்போகிறது. ஆடட்டும்.

கோவைத் தம்பிக்கு நேற்று திரும்பப் போன் செய்தேன். வருகிறேன், ஆனால் படத்துக்கு முன்னால் பத்து நிமிடம் நான் பேச வேண்டும், பிறகுதான் திரையிட வேண்டும் என்றேன். "முன்னாலேயே சொல்லிட்டா கடைசி ஷாட்ல யாரும் அழ மாட்டாங்களே சார்" என்றார். அழ வேண்டாம் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்.

இதைப் பதிவேற்றும் முன் மனைவியிடம் படிக்கக் கொடுத்தேன். மாயவரம் போன காரணத்தை அவள் இப்போதுதான் தெரிந்துகொள்கிறாள். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் சொன்னாள்:

"மூணு நாள்னு எழுதியிருக்கீங்க. பஸ் கிடைக்காம நான் நாலாம் நாள்தான் வந்தேன்."