சின்ன பாட்டரி செத்தால் பெரிய வண்டியும் நிற்கும்

சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள் இரவு எட்டரை மணி இருக்கும். என் மகளிடமிருந்து போன். கோட்டைப் பகுதியில் அலுவலகம் முடித்து, பேரனையும் அழைத்துக்கொண்டு, ஈஸ்டர்ன் ஃப்ரீவே வழியாகச் செம்பூருக்கு வந்துகொண்டிருந்தாள். "அப்பா, வண்டி நடுவழியில தானா நின்னுடுச்சு. ஸ்டியரிங் கல்லு மாதிரி இருக்கு. பாட்டரி 62 சதவீதம்னு இப்பதான் பார்த்தேன்" என்றாள். வாங்கி ஓராண்டுகூட ஆகாத மின்சாரக் கார். பின்னால் வந்த டாக்சிக்காரர் சமயோசிதமாகத் திருப்பியதால் இருவரும் பிழைத்தார்கள்.

மறுநாள் சர்வீஸ் சென்டரில் புது 12 வோல்ட் பாட்டரி போட்டுக் கொடுத்து, "மேடம் விளக்கை அணைக்காமல் விட்டிருப்பார்கள், வண்டியில் குறை ஒன்றுமில்லை" என்றார்கள். இங்கேதான் என் ரயில்வே புத்தி விழித்துக்கொண்டது.

நம் நகரத்துக்கு மின்சார வண்டி புதிதல்ல. 1925 பிப்ரவரி 3 அன்றே வி.டி.யிலிருந்து குர்லாவுக்கு மின்சார ரயில் ஓடிய ஊர் இது. நான் டிப்ளமா முடித்து வேலைக்குச் சேர்ந்தபோது கல்யாண் லோகோ ஷெட்டில் பெரியவர்கள் முதலில் சொல்லிக் கொடுத்தது ஒன்று. மேலே கம்பியில் 25,000 வோல்ட் இருக்கலாம். ஆனால் எஞ்சினை எழுப்ப அது உதவாது. பாண்டோகிராஃப் உயர்ந்து கம்பியைத் தொடக் காற்று வேண்டும். அந்தக் காற்றைத் தரும் 'பேபி கம்ப்ரஸர்' 110 வோல்ட் பாட்டரியில் ஓடுவது. மெயின் பிரேக்கரை மூடிப் பிடித்திருப்பதும் அதே பாட்டரி மின்சாரம்தான். பாட்டரி சார்ஜர் போனால் எஞ்சின் உடனே நிற்காது. பாட்டரி தீரும்வரை ஓடிவிட்டு, பிறகு பிரேக்கர் விழும்.

மின்சாரக் காரும் இதே கதைதான். தரைக்கடியில் நானூறு, எண்ணூறு வோல்ட் பாட்டரி. அதை மோட்டாரோடு இணைக்கும் கான்டாக்டர்களை மூடி வைப்பதோ சாதாரண 12 வோல்ட் பாட்டரி. ஓடும்போது பெரிய பாட்டரியிலிருந்து சின்னதற்கு சார்ஜ் கொடுக்க ஒரு கன்வெர்ட்டர் உண்டு. அது நின்றால் சின்னது வற்றும், கான்டாக்டர் திறக்கும், பெரியதில் எவ்வளவு இருந்தும் பயனில்லை.

ஆகவே சர்வீஸ் சென்டர் சொன்ன காரணம் பொருந்தவே இல்லை. விளக்கு எரிந்து பாட்டரி வற்றியிருந்தால் காலையில் வண்டி கிளம்பியிருக்காது. நாற்பது நிமிடம் ஓடிய பிறகு நின்றதென்றால் சார்ஜ் ஏறவில்லை என்று பொருள்.

தாராவி 90 அடி சாலையில் ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர், நம் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அவரிடம் கொண்டுபோனேன். காலையில் மீட்டர் வைத்தால் 14 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. "அண்ணாச்சி, சூடேத்திப் பாப்போமா?" என்று கேட்டு, மத்தியானம் ஏ.சி. போட்டு சயான் வரை போய்வரச் செய்து மறுபடி வைத்தார். 12.2! சூடானால் கன்வெர்ட்டர் கைவிடுகிறது. ஒரு மீட்டரும் ஒரு கேள்வியும் அவருக்குப் போதுமாயிருந்தது.

இது உலகத்துக்குத் தெரியாத நோயுமல்ல. ஹூண்டாய் நிறுவனம் 2024-ல் இந்தியாவில் 1,744 அயோனிக் 5 கார்களைத் திரும்ப அழைத்தது, சார்ஜரும் கன்வெர்ட்டரும் சேர்ந்த ஐ.சி.சி.யூ. என்ற பெட்டிக்காக. அமெரிக்காவில் அதே ஆண்டு நவம்பரில் அந்நிறுவனம் அழைத்தவை 1,45,235. கியா 2025 பிப்ரவரியில் இங்கே 1,380 ஈ.வி.6 கார்களை அழைத்தது. அழைத்ததை நான் குறை சொல்லவில்லை; ஒளிக்காமல் சொன்னார்களே! சொல்லாமல் "விளக்கை அணைக்கவில்லை" என்று பெண்பிள்ளை தலையில் கட்டுவதைத்தான் குறை சொல்கிறேன்.

ரயில்வேயில் எஞ்சின் வழியில் நின்றால், காரணம் கண்டு ஏதாவது ஒரு கணக்கில் எழுதியே தீர வேண்டும். 'குறை ஒன்றுமில்லை' என்று எழுதிய ஜூனியரை என் மேலதிகாரி விட்டுவைத்ததில்லை. அதுபோக ஓட்டுநர் கையில் 'டிரபிள் ஷூட்டிங் டைரக்டரி' என்று ஒரு புத்தகம் இருக்கும். பிரேக்கர் எப்படி விழுந்தது என்பதைப் பார்த்து, அடுத்து எதைத் தொடுவது என்று அதில் வரிசையாகப் போட்டிருக்கும். பல லட்சம் வாங்கிக்கொண்டு கார் விற்பவர், வாங்குபவருக்கு இரண்டு பக்கமாவது தமிழிலோ மராத்தியிலோ கொடுக்கக் கூடாதா? என் மகளுக்கு வண்டி நிற்பதற்குப் பத்து நிமிடம் முன்பே மஞ்சள் விளக்கு எரிந்திருக்கிறது. வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாள். அவளுக்கு யார் சொன்னார்கள்?

மூன்று கடிதங்களுக்குப் பிறகு கன்வெர்ட்டரை வாரண்டியில் மாற்றித் தந்தார்கள். பழுதுக் குறியீட்டின் அச்சுப் பிரதி கேட்டேன். இன்றுவரை வரவில்லை, நானும் கேட்பதை நிறுத்தவில்லை.

அந்த இரண்டு பக்கத்தை நானே தமிழில் எழுதிவிட்டேன். மஞ்சள் விளக்கு வந்தால் ஏ.சி.யை அணைத்து, வேகம் இருக்கும்போதே அபாய விளக்குடன் இடது ஓரம் சேருவது. ஆரஞ்சு நிறக் கேபிளை எக்காரணம் கொண்டும் தொடாதது. சர்வீஸில் என்னென்ன எழுதி வாங்குவது, இவையெல்லாம் அதில் உண்டு. வேண்டுவோர் சங்க அலுவலகத்தில் ஞாயிறு காலை பெற்றுக்கொள்ளலாம். ஜெராக்ஸ் செலவு என்னுடையது.