மிதக்குடி யாருக்கு மிதம்?

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் சிலர் ஒரு புதுச் சித்தாந்தம் பேசுகிறார்கள். "குடி பாவம் என்பது வைதீகப் பேச்சு, மிதமாய்க் குடித்தால் உடம்புக்கும் நல்லது, நாலு பேரோடு சேர்த்தும் வைக்கும்" என்பதே அது. இவர்களில் பகுத்தறிவு பேசுகிறவர்களும் உண்டு.

குடி பாவம் என்று நாமும் சொல்லவில்லை. ஒத்துழையாமைக் காலத்தில் கள்ளை எதிர்த்துத் தம் தென்னை மரங்களையே வெட்டிய பெரியார், பின்னாளில் மதுவிலக்குச் சட்டத்தைக் கண்டித்தவர்தான். ஆனால், பாவம் அல்லாததெல்லாம் நன்மை ஆகிவிடுமா?

மிதத்தைக் கணக்குப் பார்ப்போம். கடையில் வாங்கும் பிராந்தி குவார்ட்டர் 180 மில்லி. அதில் நூற்றுக்குச் சுமார் 43 பங்கு ஆல்கஹால். 10 கிராம் ஆல்கஹாலை ஓர் அளவாகக் கொண்டால், குவார்ட்டருக்கு 6 அளவு. இருவர் பங்கிடும் கட்டிங்கே 3 அளவு! தீங்கற்ற அளவு என்று ஒன்றுமே இல்லையென 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனமும் சொல்லிவிட்டது.

தோழமை வளர்கிறதாம். கடை வாசலில் ஜாதி கேளாமல் இருவர் ஒரு குவார்ட்டரைப் பங்கிடுவது மெய்தான். ஆனால், போதை தெளிந்ததும் ஒருவன் ஊருக்கும் மற்றவன் சேரிக்கும்தானே போகிறான்? அவன் வீட்டில் இவன் சோறு தின்பானா? பெண் கொடுப்பானா? புட்டி காலியாகும் மட்டும் இருக்கும் சமத்துவம் யாருக்கு வேண்டும்? அதற்குப் போன கூலி வீட்டு அடுப்புக்குச் சேர வேண்டியது. அந்த வீட்டுப் பெண்ணைக் கேட்டா மிதத்தை நிர்ணயித்தார்கள்?

2023 மே மாதத்தில், திண்டிவனத்துக்குக் கிழக்கே மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் சாராயம் குடித்தவர்களில் 14 பேர் மாண்டார்கள். அதில் இருந்தது மெத்தனால் என்னும் ஆலை விஷம். கொஞ்சம் உள்ளே போனாலும் கண்ணைப் பறிக்கும்; உயிரையும் பறிக்கும். அதற்கு எது மிதம்? கிளப்பில் முத்திரையிட்ட புட்டியைத் திறப்பவனுக்கு "மிதக்குடியர்" என்று பேர். மலிவுச் சாராயத்தைத் தேடும் கூலிக்காரனுக்குக் "குடிகாரன்" என்று பேர். இதுவும் ஒரு வருணாசிரமம் அல்லவா?

ஆகவே தோழர்களே! சட்டத்தையோ சாமியையோ காட்டி மிரட்ட நாம் வரவில்லை. கடைக்குப் போகிறவன் சாராயத்தை மட்டும் தேடவில்லை. நாலு பேர் பேச்சையும் தேடுகிறான். ஊரும் சேரியும் ஒன்றாய் உட்காரும் படிப்பகத்தைத் திறந்து, அந்தப் பேச்சுக்கு இடம் கொடுங்கள். சமபந்தி நடத்துங்கள். கூலியை முதலில் வீட்டுப் பெண்ணின் கையில் கொடுங்கள். பிறகு மிச்சமிருந்தால் மிதத்தைப் பற்றிப் பேசலாம்.