பேருந்து வராத ஊரில் மொழிப்பற்று

தமிழ்ப்பள்ளிகளில் மாணவர் எண்ணிக்கை குறைகிறது என்னும் பேச்சு எழும்போதெல்லாம், நம் மேடைகளில் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்படுவோர் பெற்றோரே. மொழிப்பற்று இல்லை, இனவுணர்வு இல்லை, பிறமொழி மோகம் தலைக்கேறிவிட்டது என்று முழங்கிவிட்டு, நாம் நம் மகிழுந்துகளில் ஏறி வீடு திரும்புகிறோம். அக்கூட்டத்திற்கு வந்து சேர வண்டியில்லாத தாய் என்ன சொல்வாள் என்று எவரும் கேட்பதில்லை. தலைமையாசிரியன் என்ற முறையில் நான் கேட்டிருக்கிறேன். அவள் சொன்ன விடையை முன்வைத்து வழக்காடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலாம் ஆண்டுப் பதிவு நாளில் ஒரு தாய் என் அறைக்கு வந்தார். மலிவுவிலை அடுக்குமாடியில் குடியிருப்பு. கணவருக்குத் தொழிற்சாலையில் இரவுப்பணி. அவருக்குக் கடையொன்றில் காலைப்பணி. வீட்டிற்கும் பள்ளிக்கும் இடையே எட்டுக் கிலோமீட்டர். பேருந்து எப்போது வரும் என்பது ஓட்டுநருக்கும் ஆண்டவனுக்கும் மட்டுமே தெரியும். இரு பிள்ளைகளுக்கான வேன் கட்டணமோ வீட்டு வாடகையில் பாதியை எட்டியது. "ஐயா, தமிழ் வேண்டாமென்று நான் சொல்லவில்லை. எங்கள் மாடியிலிருந்து பார்த்தால் தேசியப் பள்ளி தெரிகிறது. உங்கள் பள்ளி தெரியவில்லை" என்றார். அந்த அம்மையாரிடம் மொழிப்பற்றைப் பற்றிச் சொற்பொழிவாற்ற எனக்கு நாவெழவில்லை.

இத்தொலைவு எவ்வாறு வந்தது? 1885-இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கும், மறு ஆண்டில் கோலாலம்பூரிலிருந்து கிள்ளானை நோக்கியும் தண்டவாளம் ஓடத் தொடங்கியது. இந்நாட்டின் இரும்புப் பாதைகளில் நம் முன்னோரின் வியர்வை படிந்திருப்பது மறுக்கவொண்ணா உண்மை. அவர்கள் வாழ்ந்த தோட்டங்களில் பள்ளி நடைதூரத்தில் இருந்தது. பின்னர்த் தோட்டங்கள் நகரங்களாயின. இன்றைய சுபாங் ஜெயா எழுந்த மண் சீஃபீல்டு தோட்டத்தின் மண்; புக்கிட் ஜாலிலும் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டமே. மக்கள் அடுக்குமாடிகளுக்குப் பெயர்க்கப்பட்டனர். பள்ளி பழைய இடத்திலேயே நின்றது. அல்லது வேறொரு திசையில் புதிய நிலத்திற்குச் சென்றது. மக்கள் ஒரு திசை, பள்ளி ஒரு திசை. இரண்டையும் இணைக்க வேண்டிய பேருந்தோ எத்திசையிலும் வரவில்லை.

"புறநகர்களுக்குத்தான் இரயில் வந்துவிட்டதே!" என்பர் சிலர். வந்தது உண்மை, வரவேற்கிறோம். 1995-இல் கொம்யூட்டர் மின்னிரயில் ஓடத் தொடங்கியது. 2016-இல் இலகு இரயில் தடங்கள் இரண்டும் புத்ரா ஹைட்ஸ் வரை நீண்டன. 2017-இல் காஜாங் தடமும், 2023-இல் 57.7 கிலோமீட்டர் நீளமுள்ள புத்ராஜெயா தடமும் முழுமையாகத் திறக்கப்பட்டன. மாதம் 50 வெள்ளிக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் பயணம் செய்யும் சலுகைச் சீட்டும் வந்தது. ஆயினும் நிலையத்திலிருந்து வீட்டிற்கு உள்ள மூன்று கிலோமீட்டரை யார் கடப்பிப்பது? பெருஞ்சாலையைத் தாண்டி, நடைபாதையற்ற ஓரத்தில், மழையில் நனைந்துகொண்டு ஒரு தாய் குழந்தையோடு நடப்பதா? வராத பேருந்துக்கு மலிவான சீட்டு எதற்கு?

கோலாலம்பூரில் 1975 முதல் 1998 வரை ஓடிய மினிப் பேருந்துகளை என் வயதினர் மறந்திருக்க மாட்டார்கள். மாணவனாக அவற்றின் படிக்கட்டில் தொங்கியவன் நான். நெரிசலும் முரட்டு ஓட்டமும் அவற்றின் குறைகள். அவற்றை நான் போற்ற வரவில்லை. ஆயினும் அச்சிறிய வண்டிகள் குடியிருப்பின் குறுகிய தெருக்களுக்குள் நுழைந்து மக்களைத் தேடி வந்தன. இன்றோ குளிரூட்டப்பட்ட இரயில் தூண்களின்மேல் கம்பீரமாகப் பறக்கிறது. மக்கள்தாம் அதைத் தேடிச் செல்லவேண்டியுள்ளது.

மறுப்புரைகள் மூன்றுக்கு விடை கூறவேண்டும். முதலாவது, "எல்லாரிடமும் மகிழுந்து உள்ளது" என்பது. 1985-இல் புரோட்டோன் சாகா வந்தது முதல் நம் குடும்பங்களும் கடன்பட்டு வண்டி வாங்கின. ஆனால் வீட்டிலுள்ள ஒரே வண்டி தந்தையோடு வேலைக்குப் போய்விடுகிறது. எஞ்சியிருக்கும் தாயும் பிள்ளையும் பாட்டியும் கணக்கில் வருவதில்லை.

இரண்டாவது, "ஏழு வயதுக் குழந்தை தனியே பொதுப் போக்குவரத்தில் செல்ல இயலுமா?" என்பது. இயலாது, அனுப்பவும் கூடாது. ஆனால் வேலைக்குச் செல்லும் தாய், போகும் வழியில் பிள்ளையைப் பள்ளியில் விட்டுச் செல்ல இயலும். இடைநிலைப்பள்ளி மாணவன் சனிக்கிழமைத் தமிழிலக்கிய வகுப்பிற்குப் பக்கத்து ஊருக்குச் செல்ல இயலும். அவ்வகுப்பிற்கு வர வழியின்றி எஸ்.பி.எம். தேர்வில் தமிழைக் கைவிட்ட மாணவர்களை நான் அறிவேன். அவர்களுக்கு ஆர்வம் இருந்தது, வண்டிதான் இல்லை.

மூன்றாவது, செலவு. பண்டார் உத்தாமாவிலிருந்து கிள்ளான் ஜொகான் செத்தியா வரையிலான மூன்றாம் இலகு இரயில் தடத்தின் மதிப்பீடு 2018-இல் 3,165 கோடி வெள்ளியிலிருந்து 1,663 கோடி வெள்ளியாகக் குறைக்கப்பட்டது; அப்போது நீக்கப்பட்ட நிலையங்களுள் ஐந்தை மீண்டும் கட்டுவதென 2023-இல் அறிவிக்கப்பட்டது. கோடிகளை வெட்டியும் ஒட்டியும் கணக்கிடத் தெரிந்தோருக்கு, நிலையத்தையும் குடியிருப்பையும் இணைக்கும் பேருந்தின் செலவு பெரிதாகத் தோன்றலாகாது. அதற்குத் தூண் வேண்டா, நிலம் கையகப்படுத்த வேண்டா. வண்டியும் ஓட்டுநரும் காலந்தவறாமையும் போதும்.

முடியாதது ஒன்றுமில்லை. 1987-இல் இரயில் ஓடத் தொடங்கிய சிங்கப்பூரில், புதுநகர்களின் பேருந்து முனையங்கள் நிலையங்களுக்கு அருகிலேயே அமைந்து, குடியிருப்புகளுக்குக் கிளைப் பேருந்துகளை அனுப்புகின்றன. நம் நாட்டிலும் சான்றுண்டு. 2010-இல் பத்துமலைக்கு மின்னிரயில் வந்தது. தைப்பூசத்தன்று இரவு முழுதும் ஓடி அடியார்களைச் சுமக்கிறது. முருகனைக் காணச் செல்வோருக்கு ஓரிரவு செய்ய முடிந்ததில் ஒரு சிறு பங்கையேனும், முருகன் பேசிய மொழியைக் கற்கச் செல்வோருக்கு நாள்தோறும் செய்யலாகாதா?

ஆகவே நம் கோரிக்கைகள் தெளிவாகட்டும். இரயில் திறக்கும் நாளிலேயே கிளைப் பேருந்தும் ஓடவேண்டும். கால்மணிக்கொரு வண்டி என்று அறிவித்தால் கால்மணிக்கொரு வண்டி வரவேண்டும். பேருந்துத் தடம் வகுக்கையில் பேரங்காடிகளைப் போலவே பள்ளிகளும் நிறுத்தங்களாகக் கருதப்பட வேண்டும். இவற்றை நம் சங்கங்களும் பள்ளி மேலாளர் வாரியங்களும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் ஊராட்சி மன்றங்களின் கதவைத் தட்டிக் கேட்கவேண்டும். புதுத்தடம் பற்றி மக்கள் கருத்துக் கேட்கப்படும் நாளில் தமிழாசிரியர் ஒருவரேனும் அங்கு அமர்ந்திருக்க வேண்டும். கவியரங்குகளுக்கு நாம் தவறாமல் செல்கிறோம். இத்தகைய கூட்டங்களுக்கு எத்தனை பேர் சென்றோம்?

ஆசிரியப் பெருமக்களே, மாணவச் செல்வங்களே! அடுத்த முறை மொழிப்பற்றைப் பற்றிக் கட்டுரை எழுதுமுன், உங்கள் வகுப்பில் வரும் ஒவ்வொரு பிள்ளையும் எவ்வழியே, எத்தனை மணிக்குப் புறப்பட்டு, யார் துணையோடு பள்ளிக்கு வருகிறது என்று எழுதிப் பாருங்கள். வராமற்போன பிள்ளைகளின் முகவரிகளையும் அருகே எழுதுங்கள். அவ்வேடே நம் கோரிக்கை மனு. அதை உரியவர் கையில் கொடுத்து விடை பெற்ற பின்னரும் ஒரு தாய் தன் பிள்ளையைத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பவில்லையென்றால், அன்று அவளிடம் மொழிப்பற்றைப் பற்றிப் பேசுவோம். அதுவரை அவளைப் பழிக்க நமக்கு உரிமையில்லை.